வடத்துக்கு அடியில் போன ஆட்டோ

மூச்சு விடக்கூட முடியாமல் போகும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. போன வருஷம் ஆடிப்பூரத் தேரன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் எனக்கு அந்தக் கதி வந்தது. இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், அது ஆண்டாள் தாயார் போட்ட பிச்சை.

எனக்கு ஊர் ராஜபாளையம். பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. சில வருஷங்களுக்கு முன் தறியில் ஒரு நூல் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. இமை தானாக விழும். சாயங்காலமானால் சோற்றை மெல்லத் தாடையில் தெம்பு இருக்காது. நான் தறியிலேயே தூங்குகிறேன் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்தார்கள். மதுரை டாக்டர்தான் மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர் சொன்னார். நரம்பு சொல்வதைத் தசை கேட்காத நோய். வேளை தவறாமல் மாத்திரை போட்டேன், நடமாடினேன். நோயே மறந்துபோகும் அளவுக்கு நன்றாக இருந்தேன். அங்கேதான் வினை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வடம் பிடிக்கிறவர்கள் தேர் நிலைக்கு வந்து சேரும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டோம். தண்ணீரே கிடையாது என்னும்போது மாத்திரை ஏது? காலை மாத்திரையைத் தேர் நிலைக்கு வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதற்கு முன்பே காய்ச்சல், தொண்டை வலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கினபோது, எனக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று சொல்லத் தோன்றவில்லை. தொண்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்புதான். போதாக்குறைக்கு வெயில், நெரிசல், வடம் இழுத்த களைப்பு.

வடம் கையை விட்டு நழுவியது. கழுத்து நிற்கவில்லை. எச்சிலை விழுங்க முடியவில்லை. "கோவிந்தா" என்று வாய் திறந்தால் மூக்கு வழியாக வெறும் காற்றுதான் வந்தது. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, சந்தில் நிறுத்தியிருந்த ஆட்டோவில் கிடத்தினார்.

"ஏட்டி, மூச்சு விடு! என்னையப் பாருட்டி!"

பார்க்க இமை திறந்தால்தானே?

ஆஸ்பத்திரிக்கு வீதியைக் கடந்துதான் போக வேண்டும். வீதி முழுக்க ஜனம், குறுக்கே வடம். நான் மனசுக்குள் தாயாரிடம் பேசினேன். "தாயே, சாகப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ரொம்பப் பயமாக இருக்கிறது. வேறெதுவும் வேண்டாம், மூச்சை மட்டும் கொடு."

தேர் நின்றது. முட்டுக்கட்டை போடும் சத்தம் எனக்கே கேட்டது. உடனே யாரோ ஒருவர் குரல் கொடுத்தார்: "ஏலே, வடத்தத் தூக்குங்கலே! பொம்பளைக்கு மூச்சு முட்டுதாம், ஆட்டோ போகட்டும்!"

அம்புட்டுப் பெரிய வடத்தை அத்தனை பேரும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்களாம். அதன் அடியில் ஆட்டோ போனது. வழக்கமாகத் தேர் அங்கங்கே நிற்கத்தான் செய்யும் என்பார்கள். சொல்லட்டும். அன்றைக்கு அந்த இடத்தில் எனக்காக நின்றது என்று நான் சொல்வேன்.

ஆக்சிஜன் வைத்து மதுரைக்கு அனுப்பினார்கள். வென்டிலேட்டரில் கிடந்தேன். கண் விழித்துத் தேறியதும் டாக்டர் சொன்னார்: "காய்ச்சல், ஒத்துக்காத மாத்திரை, வேளை மாத்திரைய விட்டது, களைப்பு. இதுல ஒண்ணு வந்தாலே இந்த நோய் சீறும். நீங்க எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துட்டீங்கம்மா."

எனக்கோ விரதம் பாதியில் முறிந்த கவலை. வீட்டுக்காரர் விட்டார் ஒரு டோஸ். "பெத்த தாய் பிள்ளை வாயில இருந்து மாத்திரையப் பிடுங்குவாளாட்டி? நீயா ஒரு சட்டம் போட்டுட்டு அவ தலையில கட்டாத!"

அழுதேன். அவர் சொன்னதுதான் சரி. இப்போது மாத்திரை போட்ட பிறகுதான் கோயில். லேசான காய்ச்சல் என்றாலும் டாக்டருக்குப் போன். எந்த மருந்துக் கடையிலும் முதலில் என் நோயைத்தான் சொல்வேன். என் பக்தி ஒரு துளிகூடக் குறையவில்லை, விரதம் முறிந்தால் தாயார் கோபிப்பாள் என்ற பயம்தான் போய்விட்டது.

இதே நோயோடு இருக்கிற சகோதரிகளே, தாயாரை நம்புங்கள். மாத்திரையை விட்டுவிட்டு நம்பாதீர்கள். விழுங்கக் கஷ்டமாக இருந்தால், மூச்சு வாங்கினால், பூஜை அறையில் உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வேண்டுதலை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வேண்டினேன், அதுவும் வாயே திறக்காமல். அவளுக்குக் கேட்டது.