வடு விழுந்த கெண்டைகள்

"ஏனுங்க, உங்க ஊர்ப் பக்கம் ஒரு பாய் இருக்காராமுங்க. அவரு குளத்து மீனுக்கு நோயே வராதாமுங்க" என்று மெல்போர்னில் ஒரு கல்யாண விருந்தில் சடையாண்டி சொன்னார். ஒட்டன்சத்திரத்துக்காரர், இங்கே லாரி ஓட்டுகிறார். அவருக்கு அதைச் சொன்னது அவருடைய மச்சினன். மச்சினனுக்கு மீன் வியாபாரி யாரோ சொன்னதாம். பாய் வெள்ளிக்கிழமைதோறும் ஓதி ஊதிய தண்ணீரைக் குளத்தில் ஊற்றுகிறார் என்றும், பக்கத்துக் குளங்களில் மீன் செத்து மிதந்தபோது அவர் குளத்தில் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது என்றும் கதை வளர்ந்திருந்தது.

"எந்த ஊரு பாய்?" என்று கேட்டேன்.

"சித்தையன்கோட்டைங்க. பேரு தெரியலீங்க. தனி ஆளாமா. சம்சாரம் விட்டுட்டுப் போயிருச்சுன்னு சொன்னாப்ல."

அந்த பாய் என் அக்கா புருஷன் நைனா முகமது. சம்சாரம் விட்டுவிட்டுப் போகவில்லை. என் அக்கா நர்கீஸ், பல்லாவரத்தில் இருக்கும் மகள் சபிஹாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிப் போனது மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஓதிய தண்ணீர் என்பதும் பொய். மச்சானுக்குத் தொழுகைக்கு வேண்டியதற்கு மேல் ஓதத் தெரியாது. மீன் சாகவில்லை என்பது மட்டும் உண்மை. இதில் எதையும் நான் சடையாண்டியிடம் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.

நைனா முகமது திண்டுக்கல்லில் ஒரு தோல்ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் விரித்து, முள் கீறியது, உண்ணி கடித்தது, அம்மை வந்து ஆறியது எல்லாவற்றையும் விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பார். ஒரு வடு இருந்தால் முதல் தரம் இரண்டாம் தரமாகும். அதற்கு மேல் இருந்தால் மூன்றாம் தரம். ஷாப்பை மூடியபோது கைக்கு வந்ததை வைத்துச் சித்தையன்கோட்டைக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி, பெரிய குட்டை ஒன்றும் சின்னத் தொட்டி ஒன்றும் வெட்டினார்.

"செத்த தோலாப் பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு மாப்ள. உசுரோட இருக்குற எதையாச்சும் பாப்போம்" என்றார்.

குட்டையில் சாதாக் கெண்டை விட்டார். கட்லாவும் ரோகுவும் தேங்கின தண்ணீரில் முட்டையிடாது. ஊசி போட வேண்டும். சாதாக் கெண்டைக்கு அந்தப் பிகுவெல்லாம் கிடையாது. ஆகாயத்தாமரை வேரில் முட்டையை ஒட்டிவிட்டுத் தானே பெருகும்.

மூன்றாம் வருஷம் தை மாதப் பனியில் புண் நோய் வந்தது. ஆத்தூர் வரைக்கும் குட்டைகளில் மீன் வெள்ளையாய் மிதந்தது. மச்சானின் குட்டையில் மூவாயிரம் மீனில் இருநூறு சொச்சம் மிஞ்சியது. மிஞ்சியதன் உடம்பெல்லாம் வடு. செதில் போன இடம் கருத்துப் பள்ளம் விழுந்திருந்தது. வழக்கமாக மீன் எடுக்கும் சிவனம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள்.

"இத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் விக்கிறது பாய்? சும்மா குடுத்தாலும் எங்க வீட்டுப் பூனை திங்காது."

"ஒம் பூனைக்கு அம்புட்டு ராங்கியா?"

"விரால் தின்னு வளந்த பூனை பாய் அது."

மற்றவர்கள் குட்டையை வற்றவைத்து, சுண்ணாம்பு தூவி, புதுக் குஞ்சு விட்டார்கள். மச்சானுக்கு அந்த வருஷம்தான் சபிஹாவின் கல்யாணம். குஞ்சு வாங்கக் கையில் ஒன்றுமில்லை. வடு விழுந்தவை அப்படியே கிடந்தன, முட்டையிட்டன. அடுத்த முறை நோய் வந்தபோது பாதி போயிற்று. அதற்கடுத்த முறை செத்தது பதினோரு மீன்தான். ஒவ்வொரு வருஷமும் உடம்பு சுத்தமாக இருந்ததைச் சிவனம்மாள் கூடையில் அள்ளிக்கொண்டு போனாள். விலை போகாததே குட்டையில் தாயும் தகப்பனுமாகத் தங்கியது.

நான் டாஸ்மேனியாவில் சால்மன் வளர்க்கும் நிறுவனம் ஒன்றில் நோய்ப் பதிவேடு பார்க்கிறேன். செவுள் நோயை எந்தக் குடும்பத்து மீன் தாங்குகிறது என்று பார்த்து, அதையே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக எடுப்பது எங்கள் வேலை. கிருமி உள்ளே வந்ததும் அதன் துணுக்கு ஒன்றைப் பிடித்து, இவன்தான் என்று காவல் அணுக்களுக்குத் தூக்கிக் காட்டுகிற மரபணுக்கள் மீனுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. குடும்பத்துக்குக் குடும்பம் அவை மாறும். சிலது ஒரு கிருமியைச் சரியாகப் பிடிக்கும், சிலது கோட்டைவிடும். நாங்கள் இயந்திரங்களை வைத்துக்கொண்டு தேடுவதை, விற்காத மீனை வைத்தே மச்சான் செய்துவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அவரிடமும் இதைச் சொன்னேன். மச்சான் தினமும் காலையில் தவிடு போடும்போது எனக்கு வீடியோ கால் போடுவார். ஃபோனை வரப்பில் ஒரு செங்கல்லின் மேல் வைத்துவிட்டு மறந்துவிடுவார். எனக்குத் தெரிவது சித்தையன்கோட்டை வானம் மட்டும். தண்ணீரில் வாய் பிளக்கும் சத்தம் கேட்கும். நடுநடுவே அவர் குரல் வரும். "ஆளு இல்லாம பேச்சே மறந்துரும் போலருக்கு மாப்ள."

சென்னைக்குப் போய்விடலாமே என்று நானும் கேட்டிருக்கிறேன். அக்கா கேட்காத நாளில்லை. "வந்துருங்கன்னா, 'நான் வந்துட்டா அதுகளுக்கு யாரு இருக்கா'ங்கிறாரு தம்பி. எனக்கு யாரு இருக்கான்னு ஒரு நாள் கேக்கல" என்று என்னிடம் அழுதிருக்கிறாள்.

என்னோடு படித்த ஜெஸ்ஸி கடலோர ஊர் ஒன்றில் மீன்வளக் கல்லூரியில் இருக்கிறாள். சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டாள். கெடாமலிருக்க எரிசாராயம் ஊற்றிய நாற்பது சின்னக் குப்பிகளை மச்சானுக்கு அனுப்பினாள். நாற்பது மீனின் துடுப்பு நுனியை நகத்தளவு நறுக்கிப் போட்டு அனுப்ப வேண்டும்.

"அப்ப, நான் இங்க சும்மா உக்காந்திருக்கலைன்னு ஒரு தாள் வந்துருமா மாப்ள?"

"வரும் மச்சான்."

"வந்தா உங்கக்காகிட்டக் காட்டணும். புரியுமோ புரியாதோ, காட்டணும்."

ஆறு வாரம் கழித்து ஜெஸ்ஸி அழைத்தாள். "நாப்பதும் அச்சு அசலா அரசுப் பண்ணைக் குஞ்சு மாதிரியே இருக்கு. நோயைத் தாங்கி வந்த மீனோட சாயலே இல்ல. உங்க மச்சான் அதிர்ஷ்டக்காரர், அவ்வளவுதான்."

நான் மச்சானிடம் பேசியிருக்க வேண்டும். குரலைக் கேட்கப் பயந்து, செய்தியாக எழுதி அனுப்பினேன். உங்கள் மீனில் விசேஷமாக ஒன்றும் இல்லை என்று முடிவு வந்திருக்கிறது, வருத்தப்பட வேண்டாம், என்று. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"சரி மாப்ள. அப்ப சும்மாதான் உக்காந்திருந்திருக்கேன்."

அதன்பின் பன்னிரண்டு நாள் வீடியோ கால் வரவில்லை. நானும் அழைக்கவில்லை. வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே காலை ஒன்பது. அக்கா அழைத்தாள். இத்தனை சந்தோஷமான குரலை நான் கேட்டு வெகுநாள் ஆயிற்று.

"ஒங்க மச்சான் வாராருடா தம்பி. புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு. நேத்துல இருந்து ரெண்டு மோட்டார் வச்சு குட்டைய இறைக்கிறாங்க. சூசைராஜ் ஆளுக வலையோட வந்துட்டாகளாம். சிவனம்மா நல்லத எடுத்துக்கிறாளாம். வடு விழுந்தது அம்புட்டும் கோழித் தீவனத்துக்கு."

"நல்லதுக்கா."

"பாலீஷ்டர் தலகாணி அவருக்கு ஒத்துக்காது. எலவம்பஞ்சு வாங்கி வெயில்ல போட்டிருக்கேன்." பிறகு சிரித்தாள். "நீயும் போயி அவருகிட்ட மீனைக் கேட்ட பாரு. நல்லவேளை, அந்த அசிங்கத்த அனுப்பி ஒம் மானத்த வாங்காம விட்டாரு."

"எந்த அசிங்கத்த?"

"வடு விழுந்ததத்தான். சின்னத் தொட்டியில கவர்மெண்டு குஞ்சு வாங்கி விட்டிருந்தாருல்ல, தங்கமாட்டம்? அதுலதான் புடிச்சு நறுக்கி அனுப்புனாராம். 'மாப்ள பேரச் சொல்லிப் போற சரக்கு, மூணாந் தரத்தையா அனுப்புவேன்'னாரு. தோல்ஷாப்புல இருபது வருசம் வடு பாத்த கண்ணு, வேற எப்புடி இருக்கும்?"

எந்தத் தண்ணீரில் பிடிக்க வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவும் இல்லை. ஜெஸ்ஸியின் சோதனையில் தவறே கிடையாது. அரசுப் பண்ணைக் குஞ்சைச் சோதித்து, அரசுப் பண்ணைக் குஞ்சு என்று சரியாகச் சொல்லியிருக்கிறாள். ஏழெட்டு வருஷம் நோயில் வடிகட்டி நின்ற மீனை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை. அது இப்போது முழங்கால் தண்ணீரில், வலைக்கு முன்னால் கிடக்கிறது.

"அக்கா, அந்த வடு விழுந்ததுதான் வேணும். அதத்தான் சோதிக்கணும். வலைய நிறுத்தச் சொல்லணும்."

அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்துனா அங்கனயே இருந்துருவாருல்ல?"

"இருந்துருவாருக்கா."

"அந்த மீனுல என்னமோ இருக்குன்னு நீ சொல்லிட்டா, அவரு சாகுற வரைக்கும் அந்த வரப்ப விட்டு வர மாட்டாரு."

"இருக்கும்னு நானும் சத்தியம் பண்ண முடியாது. பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப செத்த நேரம் கழிச்சுக் கூப்புடேன் தம்பி. ஒரு மணி நேரம். வலை ஏறட்டும். ஒனக்கு என்ன, லைன் கெடைக்கலன்னு சொல்லிக்கலாம்."

அவள் கெஞ்சவில்லை. உப்பு வாங்கி வரச் சொல்வதைப் போலச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே ஃபோனை வைத்துவிட்டாள்.

அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். கொடுத்தால் புதன்கிழமை மச்சான் பல்லாவரத்துக்குப் போய்விடுவார். இலவம்பஞ்சுத் தலையணையில் படுப்பார். பத்து வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தவன் என்ற நினைப்போடு படுப்பார். அந்த நினைப்பை எழுதி அனுப்பியவன் நான்.

சோறு ஆறிப்போயிருந்தது. ஏழு நிமிஷத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

மச்சானின் எண்ணைப் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். தண்ணீரில் இறங்கும்போது சட்டையைக் கழற்றி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டுவார். ஃபோன் அதன் பையில்தான் இருக்கும். இரண்டு மோட்டார் ஓடும் சத்தத்தில் ஃபோன் மணி வெளியே வராது. சூசைராஜின் நம்பரோ சிவனம்மாளின் நம்பரோ என்னிடம் இல்லை. அக்காவிடம் இருக்கும். அவளிடம் கேட்க முடியாது.

ஒன்பதே கால். நான்காவது முறையாக மணி போய்க்கொண்டிருக்கிறது.