பூட்டிய வீடுகளின் வலைப்பூ

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உதயகலா வெளிநாடு போனவர்களின் வீடுகளை இணையத்தில் விற்கிறாளாம் என்றொரு கதை அடிபட்டது. விசாரித்தால், பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் கூட்டிப் பராமரிக்கும் தன் தொழிலுக்கு அவள் வலைப்பூ தொடங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். கட்டணத்தைப் போட மறந்து, எந்த வீட்டு மல்லிகை பூத்தது, எந்தக் கிணற்றில் தண்ணீர் ஏறியது என்றே எழுதிக்கொண்டிருந்தாள்.

கதை கனடாவுக்கும் போய், தன் வீட்டைப் பூட்டித் திறப்பை அவளிடம் கொடுத்துவைத்திருந்த பரமேஸ் மாமி அங்கிருந்து கோல் எடுத்தார். அந்தச் சாவியைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று உதயகலா பயந்தாள்.

"எடி பிள்ளை, என்ரை வீட்டை விக்கிறியாம்?"

"ஐயோ மாமி, நான் எழுதினதை வாசிச்சுப் பாருங்கோ."

"வாசிச்சிட்டுத்தான் எடுக்கிறன். பின்வளவுப் பிலா பழுத்ததெண்டு எழுதினாய். ஆர் திண்டது?"

"நான்தான், மாமி."

"இனிச்சதோ எண்டு எழுதேல்லையே, பிள்ளை." திறப்பைப் பற்றி மாமி கேட்கவேயில்லை.

திறப்பு உதயகலாவிடமே இருக்கிறது. எழுதி எழுதி அழித்தும் அந்த இனிப்பு மட்டும் எழுத்தில் வரவில்லை. மாமிக்கு அவள் எழுதவேண்டிய அந்தக் கடன் இன்னும் நிற்கிறது.