நான் காட்டிய இரக்கம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். காக்களூரில் சொந்த ஷெட் போட்டு, தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஆறு ஓட்டினேன். மிஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். படித்த இன்ஜினியர்களே என்னிடம் வந்து கேட்பார்கள்.

முதல் நாளிலிருந்து என்னோடு இருந்த ஆபரேட்டருக்குப் பார்வை மங்கிவிட்டது. தகட்டைத் தடவித் தடவித்தான் வைத்தார். பேக்கிங்குக்குப் போகச் சொன்னேன்.

“பொம்பளைங்களோட குந்திக்கினு அட்டைப்பெட்டி ஒட்டணுமா மொதலாளி? கொஞ்சம் எறக்கம் காட்டுங்க,” என்றார்.

“சரி, உன் மிஷின்லயே நில்லு,” என்றேன். அன்று முழுவதும், என் மனசு எவ்வளவு பெரிசு என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் அந்த மிஷினில் அவருடைய வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள்.

“கண்ணு தெரியாத மனுசன எறக்கப்பட்டு வேலைல வெச்சிக்கினு இருந்தீங்களே, வேற யாரு வெச்சிப்பாங்க?”

அவள் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பேச்சில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. இன்றும் யாராவது என்னை இரக்கமுள்ளவர் என்றால், கும்பிட்ட அந்தக் கைகள்தான் கண்முன் வந்து நிற்கின்றன. அவற்றில் பத்து விரலும் இருக்கின்றன.