மருந்து சாப்பாடில்லை

என் அக்காவுக்கு முழங்கால் வாதம். சண்டையால் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம் அது. ஆசுபத்திரியிலேயே மருந்து அருமை. ஆனால் தொண்டைமானாற்றுச் சந்திப் பெட்டிக்கடையில் சவர்க்காரத்துக்கும் நெருப்புப்பெட்டிக்கும் நடுவே எப்படியோ அஸ்பிரின் குளிசை இருக்கும். அக்கா அதைக் கச்சான் கொட்டை மாதிரி வாயில் போடுவாள். சாப்பிட்டுவிட்டுப் போடு என்று நான் சொன்னால், பெரிய வைத்தியர் வந்துவிட்டார் என்று சிரிப்பாள்.

அந்த வருடம் அவளுடைய ஒரே மகன் கடற்படைக்கு ஒளித்து, இரவில் படகேறிக் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போனான். போய்ச் சேர்ந்தானா என்று ஒரு சேதியும் இல்லை. அக்கா கந்தசஷ்டி முழுவதும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். தினமும் சந்நிதி கோயிலுக்கு நடந்துபோய் வீதி சுற்றவும் வேண்டுமாம். கால் விடுமா? குளிசைதான் அவளை நடத்தியது. வெறும் வயிற்றில் போடாதே, ஒரு வாய் பாலாவது குடி என்று கத்தினேன்.

"மருந்து சாப்பாடில்லையடி. விரதம் முறியாது."

ஊரே அப்படித்தான் சொல்லும். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாம் நாள், சூரன்போரன்று, கோயில் சனத்துக்கு நடுவே, குனிந்து சத்தி எடுத்தாள். கோப்பி வண்டல் போலக் கறுப்பாக வந்தது, பிறகு இரத்தமாகவே வந்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் ஒன்றில் ஏற்றினோம். அது சந்திக்குச் சந்தி இருமிக்கொண்டு நின்றது. நான் காரைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன், முருகனையும் விடவில்லை. என் கைக்குள் அவள் கை குளிர்ந்துகொண்டே போனது. அப்படி நான் ஒருநாளும் பயந்ததில்லை.

குளிசை வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது, இனிமேல் தொடவே கூடாது என்றார் டாக்டர். இரத்தமும் சேலைனும் ஏற்றினார்கள். மறுநாள் காலை கண் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை, மேலே தொங்கிய சேலைன் போத்தலைத்தான் பார்த்தாள்.

"பாறணை பண்ணி விரதம் முடிக்க முந்தியே உந்தச் சேலைனை ஏத்திப்போட்டினமே. உது சாப்பாடோ? என்ரை பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ?"

வாய் நிறைய ஏச்சு வந்தது. ஆனால் அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் எந்தச் சொல்லோடு சண்டை பிடித்தேனோ, அதையே எடுத்து அவளுக்குக் கொடுத்தேன்.

"இல்லை அக்கா. உதுவும் மருந்துதான். விரதம் முறியேல்லை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.