ரெக்கார்டு பட்டன்மேல் ஒட்டிய பொட்டு

இடது பக்கம்தான் முதலில் போனது.

ஆந்திர எல்லையிலுள்ள குப்பம் ஊரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குக் கிரானைட் ஏற்றிப்போகும் லாரியில் நான் டிரைவர். எங்கள் பக்கத்துக் கல்லுக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏறியிருந்த காலம், ஓய்வில்லாத ஓட்டம். ஒருநாள் சித்தூரைத் தாண்டியதும் கிளீனர் கோவிந்தன், "அண்ணே, சைக்கிளு" என்று ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். சைக்கிள்காரர் தப்பித்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

"தூக்கமா அண்ணே?" என்றார் கோவிந்தன். தூக்கமில்லை. நேரே இருந்த சாலை பளிச்சென்று தெரிந்தது. ஓரங்கள்தான் இல்லை. அதற்குப் பிறகு நான் லாரி ஓட்டவில்லை.

திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் நடையில் நானும் மனைவி மஞ்சுளாவும் வெகுநேரம் காத்திருந்தோம். கிளாக்கோமா (கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பட்டுப்போகும் நோய்) என்றார் டாக்டர். எனக்கு வந்த வகையில் வலி இருக்காது. அதனால்தான் தெரியாமலே வளர்ந்திருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இது இருந்தால் மற்றவர்களும் கண் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

"போயின சூப்பு மள்ளி ராது" என்றார் டாக்டர் தெலுங்கில். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வோம் என்றும் சொன்னார். மஞ்சுளா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டிரபெகுலெக்டமி (தேங்கும் நீர் வடிவதற்குக் கண்ணில் சிறு வழி திறக்கும் அறுவை) இரண்டு கண்ணிலும் செய்தார்கள். இடது கண் இருண்டுவிட்டது. வலது கண்ணில் வெளிச்சமும், எதிரே நிற்பவரின் உருவம் நிழலாகவும் தங்கின. அந்த நிழலைக் காப்பாற்ற ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து.

எங்கள் ஜில்லாவிலிருந்து பெண்கள் வீட்டுவேலைக்குக் குவைத் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. மஞ்சுளாவும் போனாள். எங்கள் மகள் கீதா அப்போது ஐந்தாம் வகுப்பு. அவளும் நானும் சமைத்தோம், துவைத்தோம். பாத்திரத்தின் சூட்டை விரல் நுனியில் அறியப் பழகினேன்.

மஞ்சுளாவின் கடிதங்களைக் கீதாதான் படித்துக்காட்டுவாள். என் பதிலையும் அவள்தான் எழுதுவாள். 'நான் நல்லா கீறேன், நீங்க நல்லா கீறீங்களா?' என்று அங்கிருந்து வரும். 'நாங்களும் நல்லா கீறோம்' என்று இங்கிருந்து போகும். பத்து வயதுப் பிள்ளை நடுவில் இருக்கும்போது வேறு என்ன எழுத முடியும்? எங்கள் கல்யாண வாழ்க்கை அந்த இரண்டு வரிக்குள் சுருங்கிப்போனது.

ஒரு கோடையில், குவைத்திலிருந்து லீவில் வந்த, பக்கத்துக் குடுபல்லி ஊர்க்காரப் பெண் ஒருத்தி மஞ்சுளா கொடுத்தனுப்பியதாக ஒரு பொட்டலம் தந்தாள். உள்ளங்கையில் அடங்கும் டேப் ரெக்கார்டர், காதில் மாட்டும் ஹெட்போன், கேசட்டுகள்.

பட்டன்கள் நன்றாகப் புடைத்திருந்தன. ப்ளே பட்டன்மேல் கடுகளவு மேடு. ஹெட்போனை மாட்டி அதை அழுத்தினேன்.

"மாமா, கீதா பக்கத்துல கீறாளா? கீறான்னா நிறுத்திட்டு, அப்பறமா கேளு."

நிறுத்தினேன். கீதாவிடம், "கொஞ்ச நேரம் வெளையாடிட்டு வா கண்ணு" என்றேன்.

"மொட்டை மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல ஒக்காந்து பேசிகினு கீறேன். கையில எண்ணெ கொட்டிகினேன் மாமா. இப்போ ஆறிடுச்சி. எழுதினா கொழந்தை பட்ச்சிட்டு அழுவும், அதான் எழுதல. நீ எப்டி கீற? நல்லா கீறேன்னு மட்டும் சொல்லாத."

மறுபடி மறுபடி கேட்டேன். டேப்பைப் பின்னால் ஓட்டும்போது அவள் குரல் குருவிக் கூட்டம்போலக் கீச்சிடும். கீச்சு அடங்கும் இடம்தான் அவள் மூச்சு விடும் இடம். கொஞ்ச நாளில், வேண்டிய வாக்கியத்துக்கு அந்தக் கீச்சொலியை வைத்தே போய்ச் சேர்ந்தேன்.

அப்படி ஓட்டும்போதுதான் ஒருநாள் ப்ளேவுக்குப் பதில் ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டேன். இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் அவள் பேசியது அழிந்துபோனது. அந்த இடத்தில் என் இருமலும் வெளியே பஸ் ஹாரனும்தான் இருந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. கீதா தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து ரெக்கார்டு பட்டன்மேல் ஒட்டினாள். "இது தட்டுப்பட்டா கைய எடுத்துடு நைனா" என்றாள்.

ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் தடுப்புகளை உடைத்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் இறங்கவே இறங்காது. காக்க வேண்டிய குரல் உங்களிடம் இருந்தால் அதை முதலில் செய்யுங்கள்.

பதில் பேச உட்கார்ந்து, பொட்டைத் தடவி ரெக்கார்டு பட்டனை அழுத்தினேன். டேப் ஓடும் உரசல் மட்டும் விரலுக்குத் தெரிந்தது. அவள் பேச்சைத் தவறி அழித்துவிட்டதை முதலில் சொன்னேன். பிறகு சொன்னேன்: "பயமா கீது மஞ்சு. மீதி கீற நிழலும் ஒருநாள் போயிடுமோன்னு காலையில கண்ணைத் தெறக்கவே பயமா கீது. மருந்து வுட்டு இன்னா ஆவப்போவுதுன்னு தோணுது." வேறு யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. சொன்னதும் தோள்கள் இறங்கின. அதுவரை அவற்றை விறைப்பாகத் தூக்கியே வைத்திருந்தேன் போலிருக்கிறது.

அந்தக் கேசட்டை, குவைத் திரும்பிய குடுபல்லிப் பெண்ணிடமே கொடுத்தனுப்பினேன். அவள் பதில், ஊருக்கு வந்த இன்னொருவர் கையில் தசராவுக்குப் பிறகு வந்தது.

"மருந்து வுடு மாமா. நான் வாசல்ல வந்து நிக்கிறப்ப, எவளோ ஒருத்தி நிக்கிறாள்னாவது உனக்குத் தெரியணும். அழிஞ்சிபோச்சின்னு சொன்னியே, அங்க நான் இன்னா பேசினேன்னு எனக்கே நெனப்பு இல்ல. இங்க வேல வாங்குற ஊட்டம்மாவத் திட்டியிருப்பேன்."

வாய்விட்டுச் சிரித்தேன். திருப்பதி ஆஸ்பத்திரியில் காத்திருந்த நாளுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சத்தம் கேட்டு உள்ளே வந்த கீதா, "இன்னா நைனா?" என்றாள். ஹெட்போனைக் கழற்றி, திட்டும் இடத்தை அவளுக்கும் போட்டுக்காட்டினேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னதைப் பதிவு செய்துகொண்டேன். எந்தச் சொட்டு எப்போது என்று யாரையும் கேட்காமல் அவர் குரலிலேயே வீட்டில் கேட்க முடிந்தது. ஒரு விஷயம் முடிந்ததும் கைதட்டிப் பதிவு செய்தால் தேடுவது சுலபம். வலது கண்ணின் அழுத்தம் இறங்கி நின்றது. நிழல் போகவில்லை.

கீதா பத்தாவது முடித்த வருடம் மஞ்சுளா ஊருக்கே திரும்பி வந்தாள். குப்பம் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் ஒரு நிழல் எங்களை நோக்கி வந்து, எதிரே நின்றது. பேசாமல் நின்றது.

"மஞ்சு" என்றேன்.

"தெரியுதா மாமா?"

"தெரியுது."

இப்போது என் உடம்பில் கண் ஒரு சிறு பகுதிதான். விரலும் காதும் தோலும் அதன் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. காலம்தான் விசித்திரமாகிவிட்டது. மஞ்சுளாவின் முகம் எனக்குள் அவள் இளமையிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு நரைத்துவிட்டதாகக் கீதா சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. குரல் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அதில் எங்கே கரகரப்பு ஏறியது, எங்கே நிதானம் வந்தது என்று எனக்குத் தெரியும். அவளோடு சேர்ந்து எனக்கும் வயதாவது அந்தக் குரலில்தான்.