பகலில் ஆளில்லாத அறை

"டெம்ப்ளேட்ல கை வைக்காதே மாலா. ஹோட்டல் வேலைக்கு ஓக்கேயான டெம்ப்ளேட் அது. கல்யாணம்னா கல்யாணம்தானே லா?"

மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் எங்கள் ஆபீஸின் பாஸ் குணா இப்படிச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். சாயங்காலம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான்.

கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதற்கு எவ்வளவு ஏர்கோன் குளிர் தேவை என்று கணக்குப் போடுவது எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு அறையாக எழுதிக்கொண்டிருந்தால் தலை நரைத்துவிடும். அதனால் ஒரு வகை அறைக்கு ஒரு டெம்ப்ளேட். எத்தனை பேர், எத்தனை விளக்கு, எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். ஒரே கிளிக்கில் மாடி முழுக்க ஒட்டிவிடலாம். சோம்பேறிகளுக்கு வரப்பிரசாதம், என்னையும் சேர்த்துத்தான்.

அன்றைய வேலை லகாட் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலின் புதுக் கல்யாண மண்டபம். பாஸ் அதற்கு ஒட்டியிருந்தது ஹோட்டல் பால்ரூம் டெம்ப்ளேட். ஹோட்டல் விருந்து இரவில். நம் முகூர்த்தமோ காலையில். கிழக்குக் கண்ணாடியில் வெயில் அடிக்கும், நடுவில் ஹோமம் எரியும், ஊரே பட்டுச் சேலையில் உட்கார்ந்திருக்கும். சாஃப்ட்வேரோ இரவு ஏழு வரை மண்டபத்தில் ஈ காக்கா இல்லை என்று நம்பி, சின்ன ஏர்கோன் போதும் என்றது. அங்கே நடக்கப்போகும் முதல் கல்யாணம் கோயில் கமிட்டி லெட்சுமி அக்காவின் மகளுக்கு. அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"பொண்ணு வேர்த்துக் கொட்டாம மணவறையில உக்காரணும்மா."

வாயால் சொன்னால் பாஸ் காதில் ஏறாது. பயிற்சிக்காக எங்கள் ஆபீஸையே ஒரு மாடலாகப் போட்டு வைத்திருந்தோம். அதில் பாஸ் அறைக்கு அந்தப் பால்ரூம் டெம்ப்ளேட்டை ஒட்டினேன். பிறகு நிஜ அறைக்குப் போய், ஏர்கோனை அணைத்து, இரவு ஏழு மணிக்குத்தான் ஓடும்படி டைமர் வைத்து, ரிமோட்டை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டு வந்தவர் கொஞ்ச நேரத்தில் காலரைத் தூக்கி விசிறிக்கொண்டே வெளியே வந்தார்.

"ஏர்கோன் ரோசாக்கா, கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு பாஸ். டெம்ப்ளேட்படி பகல்ல நீங்க ரூம்ல இல்ல."

ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். முறைத்தார். வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிடச் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"சரி, மண்டபத்துக்கு மாத்தித் தொலை. முதல்ல ரிமோட்டக் குடு."

பழைய டெம்ப்ளேட்டில் நான் கை வைக்கவில்லை, பாஸ் சொல்லைத் தட்டலாமா? அதை ஒரு நகல் எடுத்து, ஆள் வரும் நேரத்தையும் ஹோமச் சூட்டையும் மட்டும் மாற்றினேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: டெம்ப்ளேட்டைத் தாராளமாக ஒட்டுங்கள், ஆனால் அந்த அறையில் யார், எப்போது உட்காரப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கல்யாணத்தன்று தாலி கட்டும்போது பெண்ணின் நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. லெட்சுமி அக்கா தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாஸ் என் காதருகே குனிந்தார்.

"குளிருது லா. இந்த ரிமோட்டும் ஒன் கைப்பையிலதான் இருக்கா?"