ஹேவ்லாக் படகும் நான் அனுப்பாத விடையும்

இலவச இயங்குதளத்தை நம்பியதால்தான் அன்று ஹேவ்லாக் தீவுக்குச் செல்லும் படகு தாமதமாயிற்று என்று போர்ட் பிளேரில் இன்றும் சிலர் கூறிவருகின்றனர். குற்றம் இயங்குதளத்தினுடையது அன்று, என்னுடையது. அதனைத் தெளிவுபடுத்தவே இக்குறிப்பு.

படகுச்சீட்டு வழங்கும் தனியார் அலுவலகமொன்றில் கணினிப் பொறுப்பு எனக்கு. உலகெங்கும் தன்னார்வலர் கூடி உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை அங்கிருந்த மூன்று கணினிகளிலும் நிறுவியிருந்தேன். இணையம் தவழ்ந்த காலம் அது. புதிய பதிப்பு வெளிவந்தால், மெயின்லேண்ட் என்று நாங்கள் சொல்லும் இந்தியப் பெருநிலத்திலிருந்து கப்பலில் வருவோர் பென் டிரைவில் கொண்டுவருவர். அவ்வாறு வந்ததை ஒரு மாலை மூன்று கணினிகளிலும் ஏற்றிவிட்டேன். ஒன்றையேனும் பழையபடி விட்டுவைக்கத் தோன்றவில்லை.

மறுநாட்காலை டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி அசையவில்லை. பயணியர் பட்டியல் கைக்கு வராமல் துறைமுகத்தார் படகை விடமாட்டார்கள்.

உரிமையாளர் பாண்டியன் மூச்சிரைக்க வந்தார். "ஐயா, ஃப்ரீயா கெடச்சுதுன்னு மாட்டுனீங்க. ஜெட்டில எம்பது பேரு 'க்யா ஹுவா, என்னாச்சு'ன்னு நிக்கிறான். என்னத்தச் சொல்ல?"

சீட்டு வழங்கும் ரோஸ்மேரியின் மகளும் அவர்களுள் ஒருத்தி.

"சார், எம்மவ ஒம்பது மணிக்கு ஹேவ்லாக் ரிசார்ட்ல இன்டர்வியூக்கு நிக்கணும். இந்தப் பொட்டி எப்ப எந்திரிக்கும்?"

"இயங்குதள உருவாக்குநர்களின் இணைய மன்றத்தில் முறையிடுகிறேன், அம்மா."

"முறையிடுங்க. மாதா கோயில்லயும் ஒரு மெழுகுதிரி ஏத்திருங்க."

மன்றத்தின் பக்கம் மெல்லத் திறந்தது. இதே வழு அங்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தது. பதிந்தவன் நான். சோதனைப் பதிப்பில் அதனைக் கண்டு நெடியதொரு முறையீடு எழுதியிருந்தேன். அதன்கீழ் முகமறியா உருவாக்குநர் ஒருவர் திருத்தத்தை இணைத்து, "உங்கள் அச்சுப்பொறியில் வேலை செய்கிறதா? ஆம், இல்லை என்றால் போதும்" எனக் கேட்டு ஐந்து திங்கள் ஆகியிருந்தது. விடை வராமையால் திருத்தம் புதிய பதிப்பில் சேரவில்லை. நானோ அது தானே சேர்ந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். திருத்தத்தை நிறுவிப் பாராமலே நான் தொடங்கிய, முன்னுரையும் நன்றியுரையும் கூடிய விடை இன்னும் செப்பனிடப்பட்டுக்கொண்டிருந்தது.

"என்ன சார் போட்டிருக்கு?" என்றார் ரோஸ்மேரி. சொன்னேன்.

"ஆமா, இல்லைங்கிறதுக்கு அஞ்சு மாசமா? பொண்ணு கேட்டு வந்தவங்களுக்கே அதுக்குள்ள பதில் சொல்லிருவோமே." கார்பன் தாளை என்முன் வைத்தார். "நான் பேரு வாசிக்கேன், நீங்க எழுதுங்க. அழகா எழுதாதீங்க சார். வேகமா எழுதுங்க."

எண்பது பெயர்களையும் எழுதி முடித்தேன். படகு நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. மகள் ஒன்பதடிக்கச் சற்றுமுன் விடுதி வாயிலை அடைந்தாள், வேலையும் கிடைத்தது.

அதன்பின் அத்திருத்தத்தை நிறுவினேன். அச்சுப்பொறி கரகரவென்று ஓடிற்று. மன்றத்தில் "ஆம்" என்று மட்டும் எழுதினேன். அடுத்த பதிப்பில் திருத்தம் இடம்பெற்றது.

பலர் கூடிச் செய்யும் பொருளில் நம் பங்கு ஒரு சொல்லாக இருக்கலாம். அதனை உரிய காலத்தில் சொல்லிவிட வேண்டும். இக்குறிப்பிலும் பிழைகள் இருக்கக்கூடும். கண்டவர்கள் உடனே எழுதுங்கள். முன்னுரை வேண்டா.